மும்பை அருகே டோம்பிவிலி கிழக்கில் தரைத்தள வீடு: மழைக்கு முன் என்ன செய்து வைப்பது?

கேள்வி:
எம்ஐடிசி தொழிற்பேட்டை பக்கம் குடிவந்திருக்கிறோம், கூட வயதான மாமியார். மழைக்கு என்ன ஏற்பாடு வேண்டும்? ஆபத்தென்றால் 1916-ஐ அழைக்கலாமா?

பதில் 1:
1916 மும்பை மாநகராட்சியின் எண், அக்கா. டோம்பிவிலி அதில் வராது, இது கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சி. அவர்களுடைய பேரிடர் எண்ணை இப்போதே எழுதி ஒட்டுங்கள், பொது அவசர எண்ணாக 112 இருக்கிறது. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. கொட்டியது, அந்த மாதிரி நாளில் ரயில் நின்றுவிடும், வீட்டுக்காரர் வேலையிலிருந்து திரும்பவே முடியாது, அதனால் மாமியாருடைய மாத்திரை ஒரு வாரத்துக்காவது கையிருப்பில் இருக்கட்டும். ஆவணங்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு பரணில் வையுங்கள்.

பதில் 2:
உல்லாஸ் ஆற்றையும் கவனிக்க வேண்டும். 2019-இல் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வாங்கணி அருகே அந்த ஆற்று வெள்ளத்தில் சிக்கி, படகு வைத்துத்தான் பயணிகளை மீட்டார்கள்.

பதில் 3:
எனக்கு மழையைவிட தொழிற்சாலைதான் பயம். 2016-லும் 2024-லும் இங்கே பெரிய வெடிவிபத்து நடந்து பலர் இறந்தார்கள். வெடிச்சத்தம் கேட்டால் வேடிக்கை பார்க்க ஜன்னலுக்குப் போகவே கூடாது, கண்ணாடிதான் முதலில் வெட்டும். வாயுக் கசிவு என்றால் ஜன்னலை மூடி, ஏசியை நிறுத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். குளோரின் போன்றவை காற்றைவிட கனமானவை, தாழ்வான இடத்தில் தேங்கும். அதனால் தேவைப்பட்டால் மேலே போக, மாடியில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். வெளியேறச் சொன்னால் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக நடக்க வேண்டும்.

கேட்டவர்:
சரி, இன்று மாலையே மேல்வீட்டில் பேசுகிறேன். மாமியாருக்கு மராத்தி தெரியாது, அவருக்காக எண்களைத் தமிழில் எழுதி ஒட்டப் போகிறேன்.