ஒரே கல், மூன்று நாடு

நெல்லைக்காரன்:
எனக்குச் சிறுநீரகக் கல் மூன்று தடவை வந்திருக்கிறது, மூன்றும் மூன்று நாட்டில். எந்த நாட்டு ஆஸ்பத்திரியில் காசு எப்படி வாங்குகிறார்கள் என்று இங்கே பேச்சு ஓடுகிறதே, அந்தத் தகுதியில் நானும் எழுதுகிறேன்.

முதல் தடவை 2016, திருநெல்வேலி. ராத்திரி ஒரு மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலிக்கு ஊசி உடனே போட்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கேனுக்கு மட்டும் "கவுண்டர்ல பணம் கட்டி ரசீது கொண்டு வாங்க" என்றார்கள். அப்பா சட்டைப்பையில் இருந்ததை இரண்டு தடவை எண்ணிவிட்டு, மீதிக்கு மாமாவைப் போனில் எழுப்பினார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்களுக்குக் கிடையாது. அப்போது ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாய், நாங்கள் அதைத் தாண்டியவர்கள்.

அடுத்தது 2019, லண்டன். எமர்ஜென்சியில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஐந்து மணி நேரம் நெளிந்தேன் (நாலு மணி நேரம் என்பது அவர்களே வைத்த இலக்கு). ஆனால் சி.டி. ஸ்கேன், டிரிப் எல்லாம் முடிந்து கிளம்பும்போது ஒருவரும் காசு கேட்கவில்லை, பழக்கதோஷத்தில் நான்தான் கவுண்டரைத் தேடினேன். கடையில் மாத்திரைக்கு 9 பவுண்ட், அவ்வளவுதான். ஓசி என்று சொல்லிவிடாதீர்கள், விசா எடுக்கும்போதே மருத்துவத்துக்கென்று ஆண்டுக்கு 400 பவுண்ட் வீதம் கறந்துவிட்டார்கள், இப்போது அது 1,035. சிறுநீரக டாக்டரைப் பார்க்க நாலு மாதம் கழித்துத் தேதி வந்தது. அதற்குள் கல் தானாகவே விழுந்துவிட்டது.

மூன்றாவது 2023, டெக்சஸ். இங்கேதான் தலை சுற்றியது. போனதும் இன்சூரன்ஸ் அட்டையை வாங்கிக்கொண்டார்கள், அரை மணியில் ஸ்கேன், கவனிப்பு அருமை. "இதற்கு எவ்வளவு ஆகும்?" என்று மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பேருக்கும் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரி தனியாக, டாக்டர் தனியாக, ஸ்கேன் படத்தைப் பார்த்துச் சொன்னவர் தனியாகக் கடிதம் அனுப்பினார்கள். நடுவில் இன்சூரன்ஸ்காரர்களிடமிருந்து 'இது பில் அல்ல' என்று தலையில் எழுதிய, பில் மாதிரியே இருக்கும் ஒரு தாள். கணக்கு இதுதான்: மூவரும் சேர்ந்து போட்ட விலை 8,900 டாலர், இன்சூரன்ஸ் அவர்களோடு பேசிவைத்த விலை 2,650, அதில் இன்சூரன்ஸ் கொடுத்தது பூஜ்யம். என் டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் ஒரு வருஷத்தில் நான் கட்ட வேண்டிய தொகை, 3,000. அதுவரை எல்லாம் என் தலையில். போன் போட்டுக் கெஞ்சி 12 மாதத் தவணையாக்கினேன், வட்டி இல்லை.

ஊரில் காசை முன்னாடி கேட்கிறார்கள், அமெரிக்காவில் பின்னாடி. எனக்கு முன்னாடி கேட்பவர்களே தேவலை, எவ்வளவு என்றாவது தெரிகிறது.

ஸ்டுட்கார்ட் அக்கா:
தம்பி, ஜெர்மனியில் பித்தப்பை ஆபரேஷனுக்கு நாலு நாள் படுத்திருந்தேன். வீட்டுக்கு வந்த பில் 40 யூரோ, ஒரு நாளுக்குப் பத்து. அதைப் பார்த்து ஊரில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள், என் சம்பளச் சீட்டைப் பார்த்தால் பிளக்க மாட்டார்கள். மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் 14.6 சதவீதம், பாதி நான், பாதி கம்பெனி, அதற்கு மேல் கூடுதல் பங்கு வேறு. சாப்பாடுதான் கொடுமை. ஆபரேஷன் ஆனவளுக்கு ராத்திரிக்கு இரண்டு துண்டு ரொட்டி, ஒரு சீஸ், எல்லாம் ஜில்லென்று. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் ரசம் கொண்டு வந்தார்.

நெல்லைக்காரன்:
அக்கா, லண்டனில் அந்த ரொட்டிகூடக் கிடைக்கவில்லை.