மதியத்தில் மூச்சிரைக்கும் வளர்பன்றிகள்

கேள்வி: கொட்டகையில் 12 பன்றிகள், ஒவ்வொன்றும் 60 கிலோ இருக்கும். தகரக் கூரை. மதியமானால் சாணத்திலேயே புரண்டு படுக்கின்றன. தீவனம் பாதி அப்படியே கிடக்கிறது. நோயா?

பதில்: வெக்கையாகத்தான் இருக்கும். பன்றிக்கு வியர்த்து உடம்பு ஆறாது, அதனால்தான் ஈரத்தைத் தேடுகிறது. படுத்திருக்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 50-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

கேட்டவர்: எண்ணினேன், 84! நாள் முழுக்கத் தண்ணீர் தெளிக்கட்டுமா?

இன்னொருவர்: வேண்டாம். ஓரிரு நிமிடம் நனைத்து, அரைமணி நேரம் காயவிடுங்கள். ஈரம் ஆவியாகும்போதுதான் சூடு இறங்கும். காற்றோட்டம் இல்லாவிட்டால் புழுக்கம்தான் கூடும் (நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான்). அப்புறம், குடிநீர் நிப்பிளுக்கடியில் (பன்றி வாயால் அழுத்தினால் தண்ணீர் வரும் குழாய்முனை) வாளி பிடித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 1 லிட்டராவது வர வேண்டும். தீவனத்தை விடியற்காலைக்கும் இரவுக்கும் மாற்றுங்கள்.