டிசையரா, அமேஸா, ஆராவா, டிகோரா? பெங்களூரு நெரிசலில் ஓட்டியவர்கள் சொல்வது

ராமமூர்த்திநகர்வாசி:

வீட்டுக்கு ஒரு காம்பாக்ட் செடான், அதாவது பின்னால் தனி டிக்கி உள்ள சின்னக் கார், எடுப்பதற்காக நான்கு கம்பெனி (மாருதி டிசையர், ஹோண்டா அமேஸ், ஹூண்டாய் ஆரா, டாடா டிகோர்) ஷோரூமும் ஏறி இறங்கிவிட்டு எழுதுகிறேன். விலைப்பட்டியலும் ரிவ்யூ வீடியோவும் எங்கும் கிடைக்கும். பின் சீட்டில் வயதானவர்களை உட்காரவைத்து டின் ஃபேக்டரி நெரிசலிலும் கிருஷ்ணகிரி ரோட்டிலும் ஓட்டுகிறவர்களின் வார்த்தைதான் எனக்கு வேண்டும். முதலில் என் பங்கு.

அப்பா அம்மா தருமபுரியில் இருக்கிறார்கள். அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். மருத்துவமனைக்கும் விசேஷங்களுக்கும் அழைத்து வருவதும் கொண்டுபோய் விடுவதும் நான்தான். அதனால் டெஸ்ட் டிரைவ் அத்தனைக்கும் அம்மாவையும் கூட்டிப்போனேன். சேல்ஸ் பையன்கள் சாவியை என் கையில் கொடுத்து டச் ஸ்கிரீன் பாடத்தை ஆரம்பித்துவிடுவார்கள். நான் பார்த்தது பின் கதவை. அம்மா வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். ஒரு கையால் முன் சீட்டைப் பற்றிக்கொண்டு இடுப்பை முதலில் உள்ளே வைப்பார். அப்புறம்தான் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். கதவு அகலமாகத் திறக்காத வண்டியில் இரண்டாவது காலை மடக்கும்போது முகம் சுளித்தது. கூரை பின்பக்கம் சரிந்து இறங்குவதால் தலையை நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. உட்கார்ந்த பிறகு அவர் தொடைக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தேன். சீட் குட்டையாகவோ தாழ்வாகவோ இருந்தால் முட்டி மேலே எழும்பி, தொடை தாங்கலில்லாமல் நிற்கும். ஊர் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு விட்டுப்போகும். எங்கள் அம்மாவுக்கு அமேஸின் பின் சீட் தோதாக இருந்தது. கால் நீட்டும் இடத்தில் டிசையரும் தாராளம்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் உயரம் வேறாக இருக்கும், அதனால் அவர்களையே கூட்டிப்போய் உட்காரவையுங்கள்.

இந்த வண்டிகள் எல்லாமே ஏன் 4 மீட்டருக்குள் அடங்கி நிற்கின்றன என்று அப்பா கேட்டார். 2006 பட்ஜெட்டில், 4 மீட்டருக்குக் குறைந்த நீளமும் 1200 சிசிக்கு மேற்படாத பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தார்கள். 2008-இல் டாடா இண்டிகோ சிஎஸ் அந்த அளவுக்குள் வந்தது. அதே வருடம் வந்த முதல் ஸ்விஃப்ட் டிசையர் 4 மீட்டரைத் தாண்டியிருந்தது. 2012-இல் பின்பக்கத்தை வெட்டி 3,995 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தார்கள். செடானின் வால் மொட்டையாகத் தெரிவதற்குக் காரணம் இந்த வரிதான். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அளவைத் தாண்டினால் 40. ஆகவே இன்னும் பல வருடம் இந்த மொட்டை வாலோடுதான் வாழப்போகிறோம்.

டிக்கி விஷயத்தில் லிட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். டிசையர் 382, ஆரா 402, அமேஸ் 416, டிகோர் 419 என்று போட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்த பெரிய சூட்கேஸையும் ஒரு அரிசிச் சிப்பத்தையும் எடுத்துப்போய் நானே ஏற்றி இறக்கினேன். உள்ளே இடம் கிடக்கும், ஆனால் வாய் குறுகலாக இருந்தால் சூட்கேஸைச் சாய்த்துத் தள்ள வேண்டும். டிக்கி விளிம்பு இடுப்பு உயரத்துக்கு நின்றால் சிப்பத்தை அவ்வளவு தூரம் தூக்கி உள்ளே இறக்க வேண்டும். ஊரிலிருந்து வரும்போது தேங்காயும் அரிசியும் மாங்காயும் இல்லாமல் யார் வருகிறார்கள்? ஒரு ஷோரூமில் சிப்பத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள். நான் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

இனி கியர்பாக்ஸ். என் மனதில் பாதி முடிவு இதில்தான். டிசையரிலும் ஆராவிலும் டிகோரிலும் கிடைப்பது ஏஎம்டி. உள்ளே சாதாரண மேனுவல் கியர்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் உங்களுக்குப் பதிலாக ஒரு மோட்டார் அமைப்பு செய்கிறது. அதனால் கியர் மாறும் நொடியில் இழுவை அறுந்து திரும்ப வரும், தலை லேசாக முன்னால் போய் வரும். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுக்கப் பழகிவிட்டால் அது குறைகிறது. அமேஸில் சிவிடி. கியர் என்று தனித்தனியாகக் கிடையாது, இரண்டு புல்லிக்கு நடுவே ஒரு பெல்ட் ஓடுகிறது. ஊர்ந்து ஊர்ந்து போகும் இடத்தில் வெண்ணெய் மாதிரி. ஓவர்டேக் செய்ய முழுக்க அழுத்தினால் மட்டும் இன்ஜின் முதலில் கத்தும், வேகம் சற்றுத் தாமதமாக வரும்.

சுகத்துக்கு விலை உண்டு. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்க சிவிடிக்கு ஆயில் அழுத்தம் வேண்டும், அதில் கொஞ்சம் சக்தி போகிறது. அதோடு அமேஸ் இன்ஜின் நான்கு சிலிண்டர், 90 பிஎஸ் சக்தி. புது டிசையரில் மூன்று சிலிண்டர், 82 பிஎஸ். கம்பெனி சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு டிசையர் ஏஎம்டிக்கு 25.71 கிலோமீட்டர், அமேஸ் சிவிடிக்கு 19.46. வருடம் 10,000 கிலோமீட்டர் ஓடினால் 125 லிட்டர் வித்தியாசம். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 12,500 ரூபாய். நகருக்குள் இரண்டுமே இதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கும். இருந்தாலும் தினமும் ஒயிட்ஃபீல்டு போய்வருகிற ஒருவனின் நிம்மதிக்கும் பின்னால் உட்காரும் அம்மாவின் கழுத்துக்கும் அந்தத் தொகையைக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். ஒத்துக்கொள்ளாதவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சள் போர்டு:

வணக்கம் சார். சொந்த ஊரு போளூர் பக்கம், பெங்களூருல ரொம்ப வருஷமா கேப் ஓட்டுறேன். நீங்க சொன்ன 12,500 ரூபாய் கணக்கு வீட்டு வண்டிக்கு சரி. எங்களுக்கு அந்த 10,000 கிலோமீட்டர் ரெண்டு மூணு மாசத்துலயே ஓடிடும், அதனாலதான் ரோட்டுல இத்தனை டிசையர் பாக்குறீங்க. முன்னாடி டீசல் டிசையர் வெச்சிருந்தேன். 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 புகை விதி வந்தப்போ மாருதி டீசலையே நிறுத்திட்டாங்க. இப்ப சிஎன்ஜி.

சிஎன்ஜி வாங்கறவங்க ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கணும். சிலிண்டர் வந்து டிக்கியில உக்காந்துக்கும். ஏர்போர்ட் சவாரி ஒரு குடும்பம் பெரிய பெட்டி ரெண்டோட வந்தா ஒண்ணு முன் சீட்டுக்குத்தான் போகும், இல்ல மேல கேரியர். டிகோர்ல மட்டும் ஒரே பெரிய சிலிண்டருக்கு பதிலா சின்னதா ரெண்டு போட்டு தரைக்கு அடியில தள்ளிட்டாங்க, மேல பெட்டி வைக்க இடம் மிஞ்சுது. கூட்டாளி ஒருத்தன் வெச்சிருக்கான், பாத்து எனக்கே ஆசையா இருந்துச்சு. அந்த வண்டியில ஆட்டோ கியரோடயே சிஎன்ஜி வருது, 2024-ல நாட்டுலயே முதல்ல அவங்கதான் குடுத்தாங்க. ரெண்டாவது, பங்க் கியூ. சாயந்தரம் கூட்டத்துல போனீங்கன்னா பிரஷர் இறங்கி, டேங்க் முழுசா ஏறாது. விடியக்காலையில போய் அடிச்சிக்கிட்டு வந்துடணும். சொந்த ஊருக்கு வாரம் ஒரு தடவை போறவங்களுக்கு இதெல்லாம் தலைவலிதான்.

சேலம் சவாரி முடிச்சுட்டு திரும்பும்போது தொப்பூர் ஏத்தம் இருக்குல்ல, அஞ்சு பேரு, ஏசி, சிஎன்ஜின்னா வண்டி மூச்சு வாங்கும். நான் அங்க பெட்ரோலுக்கு மாத்திப்பேன். இறக்கத்துல போறப்ப எந்த வண்டியா இருந்தாலும் கியர்ல வெச்சே இறக்குங்க, நியூட்ரல் போட்டு மைலேஜ் மிச்சம் பிடிக்காதீங்க. அந்த ரோட்டுல போன உசுரு ஏராளம்.

இன்னொண்ணு. கேப்ல உக்காந்து பாத்துட்டு "டிசையர் இழுக்கல"ன்னு சொல்லாதீங்க சார். எங்க வண்டிக்கு ஸ்பீட் கவர்னர், 80-க்கு மேல போகாது. சொந்த வண்டி வேற மாதிரி போகும். மேனுவல் எடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: சில்க் போர்டு மாதிரி இடத்துல அரை கிளட்ச்லயே வண்டியைத் தாங்கி நிறுத்தாதீங்க. நியூட்ரல் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்க. கிளட்ச் பிளேட் அங்கதான் தேயுது.

எலக்ட்ரானிக் சிட்டி அக்கா:

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது நான். ஆனால் ஒரு ஷோரூமில் பேச்சு முழுக்க என் கணவரோடு. "மேடமுக்கு ஆட்டோமேட்டிக் ஈஸியா இருக்கும் சார்" என்று அவரிடமே சொன்னார்கள். கணவருக்கு லைசென்ஸே இல்லை. நாங்கள் எழுந்து வேறு டீலரிடம் போய் அமேஸ் சிவிடி எடுத்தோம். பெண்கள் டெஸ்ட் டிரைவ் போகும்போது கூச்சப்படாமல் சீட்டை உங்கள் உயரத்துக்கு ஏற்றி, ஸ்டீயரிங்கைச் சரிசெய்துகொண்டு, பானட்டின் முனை தெரிகிறதா என்று பாருங்கள். நான் ஐந்தடி. சீட் உயரம் ஏற்ற முடியாத கீழ்மட்ட வேரியன்ட்களில் ஸ்டீயரிங்குக்கு மேலே எட்டிப் பார்ப்பது போலிருந்தது.

ராமமூர்த்திநகர்வாசி சொன்னது சரி, சிவிடி நெரிசலில் சுகம்தான். ஓசூர் ரோட்டு எலிவேட்டட் எக்ஸ்பிரஸ்வேயில் ஏறிய பிறகு ஒரே சீராகப் போகும்போது சத்தமே கேட்காது. உச்ச வேரியன்ட்டில் ஏடாஸ், அதாவது ஓட்டுபவருக்கு உதவும் மின்னணு அமைப்பு, இருக்கிறது. முன் கண்ணாடியில் இருக்கும் கேமரா ஒன்றை வைத்து அது லேன் கோட்டையும் முன்னால் போகும் வண்டியையும் பார்க்கிறது. ஓசூர் தாண்டிய பிறகு கோடு ஒழுங்காக இருக்கும் இடங்களில் நன்றாக வேலை செய்கிறது. பொம்மனஹள்ளியில் ஆட்டோவும் பைக்கும் குறுக்கே நுழையும்போது எச்சரிக்கைச் சத்தம் ஓயாது. நகருக்குள் லேன் உதவியை அணைத்துவைத்திருக்கிறேன். மோதலைத் தவிர்க்கும் தானியங்கி பிரேக்கை மட்டும் அணைப்பதில்லை.

ஹம்ப் பற்றி யாரும் எழுதவில்லை. எங்கள் லேஅவுட்டுக்குள் அவரவர் இஷ்டத்துக்குப் போட்ட மேடுகள். அமேஸின் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) 172, டிசையருக்கு 163 மில்லிமீட்டர். ஒன்பது மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானும் ஏறினால் பின்பக்கம் அமுங்கி அந்த ஒன்பதும் கணக்கில் வரும். டெஸ்ட் டிரைவில் வீட்டு ஆட்கள் முழுப்பேரையும் ஏற்றி, உங்கள் தெரு ஹம்ப்பிலேயே ஏற்றி இறக்குங்கள்.

அல்சூர் தம்பி:

அண்ணா, பாதுகாப்பு ஸ்டார் பற்றிச் சின்னதாக ஒன்று. 2024 நவம்பரில் புது டிசையர், கார்களை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 ஸ்டார் வாங்கியது. டிகோர் 2020 ஜனவரியில் 4 ஸ்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒன்றுதான் குறைவு என்று கணக்குப் போடாதீர்கள். 2022 நடுவில் அந்த அமைப்பு விதிகளைக் கடுமையாக்கிவிட்டது. பக்கவாட்டு மோதலும், வண்டி சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் கணக்கில் வந்தன. பழைய பரீட்சையும் புதிய பரீட்சையும் வேறு. டிசையரிலும் அமேஸிலும் இப்போது எல்லா வேரியன்ட்டிலும் 6 ஏர்பேக்.

அதைவிட முக்கியம், அம்மாவைப் பின் சீட்டில் பெல்ட் போடச் சொல்லுங்கள். எங்கள் பாட்டி, புடவை கசங்கும் என்று மறுப்பார். பக்கிள் சீட்டுக்குள் புதைந்து கிடந்தால் அவர்களால் எடுத்து மாட்டவே முடியாது. ஷோரூமிலேயே மாட்டிப் பார்க்க வைத்தேன். பக்கிள் நிமிர்ந்து நிற்கும் வண்டியில் அவரே போட்டுக்கொண்டார், நாங்கள் எடுத்ததும் அதைத்தான். அது ஆரா. அலட்டாத நான்கு சிலிண்டர் இன்ஜின், ஸ்டீயரிங் லேசு, அல்சூர் சந்துகளில் திருப்புவது சுலபம். எங்கள் வண்டி வெள்ளை. மெஜஸ்டிக் பக்கம் நிறுத்தினால் யாராவது கேப் என்று நினைத்து வந்து பின் கதவைத் திறந்து ஓடிபி சொல்கிறார்கள். கலர் வண்டி எடுங்கள் அண்ணா.

ராமமூர்த்திநகர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஹம்ப்பையும் பக்கிளையும் நான் பார்க்கவே இல்லை, அம்மாவோடு இன்னொரு முறை போகிறேன். சிஎன்ஜி யோசனையை விட்டுவிட்டேன்.

தனிச் செய்தியில் இரண்டு பேர் வண்டியை ஓசூரில் பதிவு செய்தால் லாபமா என்று கேட்டிருந்தார்கள். 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்குக் கர்நாடகத்தில் ஆயுள் வரி 14 சதவீதம், மேலே செஸ் தனி. தமிழ்நாட்டில் 2023 உயர்வுக்குப் பிறகு 13. பத்து லட்சத்தைத் தாண்டினால் இங்கே 17, அங்கே 18. லாபம் என்று சொல்லிக்கொள்ள இப்போது பெரிதாக எதுவுமில்லை. வேறு மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே தங்கினால் மறுபதிவு செய்து இங்கேயும் வரி கட்ட வேண்டும். ஊரில் கட்டியதைத் திரும்ப வாங்க ஆர்டிஓ ஆபீசுக்கு அலைய வேண்டும். வேலை, வீடு, பிள்ளைகள் பள்ளி எல்லாம் பெங்களூரில் என்றால் கேஏ நம்பரிலேயே எடுங்கள். அதைவிட, எக்ஸ்-ஷோரூம் விலை பத்து லட்சக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு வேரியன்ட் கீழே இறங்கினால் விலையும் குறையும், வரி மூன்று சதவீதமும் குறையும். சிவிடி, சீட் உயரம் ஏற்றும் வசதி, ஆறு ஏர்பேக் மூன்றும் கோட்டுக்குக் கீழே கிடைக்கிற வேரியன்ட்டைத்தான் நான் கேட்டிருக்கிறேன். கொட்டேஷன் வந்ததும் போடுகிறேன்.