கடைசிப் பந்தி யார் விருப்பம்?

செம்பூர்க்காரன்: நேற்று மாட்டுங்கா மாமா நம் குழுவில் எழுதினார்: "எங்கள் வீட்டில் கட்டாயமே கிடையாது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடத்தான் என் மனைவிக்குப் பிடிக்கும்." நாற்பது வருஷமாக அடிக்குழம்பு பிடிக்குமாம்! வங்கப் பஞ்சத்துக்கு மறுவருஷம், 1944-இல், கல்கத்தா பக்கம் சிங்கூரில் கணக்கெடுத்தார்கள். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்பு சரியில்லை, சுமார்தான் என்றார்கள். விதவைகளில் 2.5 சதவீதம்தான். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இதை எடுத்துக்காட்டுகிறார். வாய் திறந்து கேட்டே பழகாதவளுக்குக் குறை குறையாகவே தெரியாது.

மாட்டுங்கா மாமா: விதவைகள் நிஜமாகவே நன்றாக இருந்திருந்தால்? அப்புறம், அடிக்குழம்பு என்று யார் சொன்னது? நாங்கள் கலக்கித்தான் ஊற்றுவோம்.

செம்பூர்க்காரன்: பஞ்சம் முடிந்த கையோடு நன்றாக இருந்தார்களாம். சரிதான்.

தானே தம்பி: இப்படிப் பார்த்தால் யார் எதை விரும்பினாலும் "அது உன் ஆசையே இல்லை" என்று சொல்லிவிடலாமே. என் அம்மாவும் கடைசியில்தான் சாப்பிடுவாள், நிம்மதியாக சீரியல் பார்த்துக்கொண்டு. அதையும் பிடுங்கணுமா?

சயான் சாந்தி: நானும் கடைசிதான். நிம்மதி உண்டு, அப்பளம்தான் இருக்காது.

மாட்டுங்கா மாமா: அப்பளத்தை விடும்மா. அடிக்குழம்புக்கு வருகிறேன். காயெல்லாம் அடியில்தான் கிடக்கும். லாபம் அவளுக்குத்தான்!

சயான் சாந்தி: இப்போதுதானே கலக்கி ஊற்றுவோம் என்றீர்கள்?

செம்பூர்க்காரன்: சமூகவியல் அறிஞர் ஸ்டீவன் லூக்ஸ் 1974-லேயே எழுதிவிட்டார். ஒருவரை அடக்குவதை விட, நமக்கு வேண்டியதை அவரையே ஆசைப்பட வைப்பதுதான் பெரிய அதிகாரம்.

மாட்டுங்கா மாமா: லூக்ஸ் வத்தக்குழம்பு சாப்பிட்டிருக்கிறாரா? பெரிய சமத்துவம் பேசுகிறாய். போன பொங்கல் விழாவில் முதல் பந்தியில் முதல் இலை யாருடையது? பரிமாற ஆள் இல்லாமல் நான் சாம்பார் வாளி தூக்கினேன்.

செம்பூர்க்காரன்: அன்றைக்கு ஹார்பர் லைனில் மெகா பிளாக், பராமரிப்பு வேலைக்காக ரயிலை நிறுத்தியிருந்தார்கள். சீக்கிரம் கிளம்பினேன். அந்த வாளியை எத்தனை வருஷம் தூக்குவீர்கள்?

தானே தம்பி: மெகா பிளாக் மாலையில் முடிந்துவிடும். விருந்து ராத்திரி.

செம்பூர்க்காரன்: நீ யார் பக்கம்?

மாட்டுங்கா மாமா: எல்லோரும் கேளுங்கள். இப்போது அவளிடமே கேட்டேன். "உங்களுக்கு எது சௌகரியமோ அதுதான் எனக்கும்" என்றாள். போதுமா?

சயான் சாந்தி: மாமா, அதையே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

மாட்டுங்கா மாமா: படித்தாயிற்று. முதலில் அவன் அடிக்குழம்பை வாபஸ் வாங்கட்டும்.