ஐ.எஃப்.எஸ். ஆசை: ஆம்பூர்ப் பெண்ணுக்கு ஒத்துவருமா?

ஆம்பூர்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். வேலூர் ஊரீசு கல்லூரியில் பி.ஏ. வரலாறு கடைசி வருஷம் படிக்கிறேன். அப்பாவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. எனக்கு ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) மேல் ஆசை. வீட்டில் சொன்னால், "அதெல்லாம் கான்வென்ட் பிள்ளைங்க போற வேலை" என்று சித்தப்பா சிரிக்கிறார். நாடு நாடாகச் சுற்றுகிறவளை யார் கட்டிக்கொள்வான் என்பது பாட்டியின் கவலை. வகுப்பில் சார் மட்டும், "ராதாகிருஷ்ணன் இங்கே படித்தவர்தானே, 1949இல் மாஸ்கோவுக்குத் தூதராகப் போகலையா?" என்கிறார். என் இங்கிலீஷ் சுமார்தான். தமிழில் எழுதலாமா? தெருவில் பழகி உருது நன்றாகப் பேசுவேன், எழுதத் தெரியாது. தூதரகத்தில் காலையிலிருந்து சாயந்தரம் வரை உண்மையில் என்னதான் வேலை? யூடியூபில் எல்லாரும் கொடி, கோட்டு, விருந்து என்றே காட்டுகிறார்கள்.

குடியாத்தம்_ரிட்டயர்டு:
அம்மா, நான் ஐ.எஃப்.எஸ். அதிகாரி இல்லை. ஸ்டாஃப் செலக்‌ஷன் என்ற மத்திய அரசு ஊழியர் தேர்வு எழுதி வெளியுறவு அமைச்சகத்தில் சேர்ந்து, டெல்லியும் வெளிநாடுமாக மாறி மாறி இருந்து ஓய்வு பெற்றவன். அதிகாரிகளைப் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ராதாகிருஷ்ணனை ஓரமாக வை. அவர் தேர்வு எழுதிப் போகவில்லை, நேரு அனுப்பிப் போனவர். உனக்கு யு.பி.எஸ்.சி.தான் வழி. பிரிலிமினரி கேள்வித்தாள் இங்கிலீஷ், இந்தி இரண்டில் மட்டுமே வரும். மெயின்ஸைத் தமிழில் எழுதலாம், இன்டர்வியூவும் தமிழில் கொடுக்கலாம். மெயின்ஸில் ஒரு இங்கிலீஷ் தாள் உண்டு, அதில் பாஸானால் போதும், மார்க் ரேங்கில் சேராது. ஆனால் இந்தியா முழுக்க ஐ.எஃப்.எஸ்.ஸுக்கு ஒரு வருஷத்தில் எடுப்பது கொஞ்சம் பேரைத்தான், ரேங்க் மேலே வரணும். கிடைத்தால் முசௌரியில் பயிற்சி, டெல்லியில் சுஷ்மா ஸ்வராஜ் நிறுவனத்தில் பயிற்சி, அப்புறம் ஒரு நாட்டுக்கு மூன்றாம் செயலாளராக (தூதரகத்தில் அதிகாரியின் ஆரம்பப் பதவி) அனுப்பி மொழி படிக்க வைப்பார்கள். அதில் தேறினால்தான் பணி உறுதியாகும்.

சுமாரான இங்கிலீஷ் தேர்வைவிட வேலையில்தான் கழுத்தைப் பிடிக்கும். டெல்லிக்குப் போகிற குறிப்பெல்லாம் இங்கிலீஷில்தான் போகும். சேர்ந்தபின் பார்த்துக்கலாம் என்று விடாதே.

வேலை என்ன என்று கேட்டாய். சவுதியில் ரியாத் தூதரகத்தில், நம் ஆட்களின் பாஸ்போர்ட், பிரச்சினைகளைக் கவனிக்கிற கான்சுலர் பிரிவில் இருந்தேன். கவுன்ட்டர் திறக்கும் முன்பே வாசலில் கூட்டம் நிற்கும். பாதிப் பேர் பாஸ்போர்ட் புதுப்பிக்க வந்தவர்கள். மீதிப் பேர் கையில் ஒரு காகிதமும் இருக்காது. பாஸ்போர்ட் கஃபீலிடம் (வேலைக்கு வரவழைத்த முதலாளி) இருக்கும், இக்காமா (அங்கே தங்கும் அனுமதி அட்டை) காலாவதியாகியிருக்கும், ஆள் ஓடிவிட்டான் என்று கஃபீல் 'ஹுரூப்' என்ற புகார் கொடுத்திருப்பான். இவனுக்கு அவுட்பாஸ் (பாஸ்போர்ட் இல்லாமல் ஊர் திரும்ப அவசரச் சான்று) எழுதிக்கொடுப்பது நம் கையில், வெளியேறும் முத்திரை அந்த நாட்டின் கையில். தூதரகத்துக்குள் அவர்கள் போலீஸ் அனுமதியில்லாமல் நுழைய முடியாது என்று 1961 வியன்னா ஒப்பந்தத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்நாட்டுச் சட்டத்தை நாம் மதிக்கணும் என்றும் அதே ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. மிரட்ட முடியாது, பேசத்தான் முடியும்.

ஒருமுறை வாணியம்பாடிப் பக்கத்துப் பையன் ஒருவன், ஹவுஸ் டிரைவர், சம்பளப் பாக்கியோடு வந்து நின்றான். எங்கள் இரண்டாம் செயலாளர் ஒரு பெண், கெய்ரோவில் அரபி படித்தவர். கஃபீலுக்குப் போன் போட்டார். விஷயத்துக்கே வரவில்லை. சலாம், உடம்பு எப்படி, அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா, பிள்ளைகள் பரீட்சை முடிந்ததா... பையன் நெளிகிறான், மேஜையில் டீ ஆறிப்போச்சு. கடைசியில்தான், "உங்கள் வீட்டுப் பையன் எங்களிடம் வந்திருக்கிறான், கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்றார். மறுநாள் பாஸ்போர்ட் வந்தது, பாக்கியில் பாதி வந்தது. மீதி வரவே இல்லை. விருந்துகளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. இந்த மாதிரி விஷயத்துக்கு உதவுகிற அந்நாட்டு லேபர் ஆபீஸ்காரர் நம்பர் அங்கேதான் கிடைக்கும்.

இந்த வேலைக்குக் காது வேணும், பொறுமை வேணும். கான்வென்ட் உச்சரிப்புக்கு அந்தக் கவுன்ட்டரில் பெரிய வேலை இல்லை. உன் உருதைக் குறைத்து நினைக்காதே. பீகார்க்காரனும் ஹைதராபாத்காரனும் வந்து அழும்போது அதன் அருமை தெரியும். எழுத்தையும் கற்றுக்கொள், பின்னால் அரபி கிடைத்தால் எழுத்தில் பாதிச் சுமை குறையும்.

பேரணாம்பட்டு_வாசி:
பெரியவர் சொல்வது மாதிரி எல்லா இடத்திலும் நடப்பதில்லை. என் மச்சான் வேறொரு வளைகுடா நாட்டில் தவறிப்போனார். போன் போட்டால் யாரும் எடுப்பதில்லை. ஒருநாள் எடுத்தவர், "கம்பெனியைக் கேளுங்க" என்று வைத்துவிட்டார். உடல் எப்போது வரும் என்று தெரியாமல் அக்கா தினமும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். தங்கச்சி, நீ அதிகாரியானால் முதலில் அந்தப் போனை எடு.

குடியாத்தம்_ரிட்டயர்டு:
தம்பி, உங்கள் கோபம் நியாயம். உடலை அனுப்ப மரணச் சான்று, பாஸ்போர்ட் நகல், விபத்து என்றால் போலீஸ் அறிக்கை, வாரிசின் சம்மதக் கடிதம் நோட்டரி கையெழுத்தோடு வேண்டும். பெரும்பாலும் இந்தக் கடிதம்தான் தாமதமாகும், ஏனென்றால் அது வேண்டும் என்று வீட்டுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் போனிலேயே இதைச் சொல்வது அந்தப் பிரிவின் வேலை, அதில் சமாதானமே கிடையாது. மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகாரைப் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி கைவிரித்தால் இந்தியச் சமூக நல நிதியில் உடலைக் கொண்டுவர வழி உண்டு, எழுதிக் கேட்கணும்.

காட்பாடி_டீச்சர்:
பாட்டி கேட்டதை யாருமே தொடவில்லையே! ஒரு காலத்தில் அரசாங்கமே பாட்டி மாதிரிதான் கேட்டது. இந்தப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா, 1949. கல்யாணத்துக்கு முன் பெண் அதிகாரி அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்கணும், குடும்பத்தால் வேலை கெடுகிறது என்று அரசுக்குத் தோன்றினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்று விதி இருந்தது. பதவி உயர்வை மறுத்தபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதியை வெளுத்து வாங்கினார். அதை எடுத்துவிடுவதாக அரசே அங்கே சொன்னது. இப்போது சிக்கல் வேறு: கூட வருகிறவர் தன் வேலையை என்ன செய்வார் என்பது. அதை மாப்பிள்ளை பார்க்கும்போதே பேசிவிடணும். பாட்டி அதில் கெட்டிக்காரியாகத்தான் இருப்பார்.

ஆம்பூர்_பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. பேரணாம்பட்டு அண்ணா, நீங்கள் எழுதியதை அப்பாவிடம் படித்துக்காட்டினேன். ஐயா, ஸ்டாஃப் செலக்‌ஷனும் சேர்த்து எழுதலாமா? முழுசாக யு.பி.எஸ்.சி.யில் உட்கார வீட்டில் வசதி இல்லை.

குடியாத்தம்_ரிட்டயர்டு:
தாராளமாக எழுது. வெளியுறவு அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அதிகாரி என்று விருப்பம் கொடு. முதலில் டெல்லி, பிறகு வெளிநாடு, சம்பளம் கையில் இருக்கும். அங்கிருந்தே யு.பி.எஸ்.சி. எழுதலாம். நீ ஓ.பி.சி. என்றால் 35 வயது வரை, 9 முறை. சான்றிதழை மட்டும் மத்திய அரசுப் படிவத்தில், நான்-கிரீமிலேயர் (வசதி வரம்புக்கு மேல் போகாதவர்) என்று கேட்டு வாங்கு. மாநிலப் படிவத்தைக் கொண்டுபோய் நின்றால் அங்கே எடுக்க மாட்டார்கள்.