வீல்சேரும் பாத்ரூம் கதவும்: பட்டவர்கள் சொல்லுங்கள்

உறையூர்க்காரன்:

அப்பாவுக்குப் போன தை மாதம் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவருவதற்குள் கட்டில், மெத்தை, வீல்சேர் எல்லாம் வாங்கிப் போட்டுவிட்டோம். பாத்ரூமை ஒருத்தரும் நினைக்கவில்லை. சாயங்காலம் அவர் "போகணும்டா" என்ற பிறகுதான் சேர் கதவுக்குள் நுழையாது என்று தெரிந்தது. இரண்டரை அடிக் கதவு என்றுதான் வீடு கட்டும்போது சொன்னார்கள், அது நிலைக்கு வெளியே அளந்த கணக்கு. நிலைக்கால் இரண்டும் போக, திறந்து நிற்கும் கதவின் கனமும் போக, மிச்சம் 24 அங்குலம். சேர் 25. அன்றைக்கு நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரமே கொத்தனாரை வைத்து நிலையைப் பிடுங்கி மூன்றடிக் கதவு போட்டோம். கதவு சரி, மற்றதெல்லாம் கோளாறு. வாசல்படி நாலு அங்குலம் இருந்தது. சரிவு வையுங்கள் என்றேன், ஒரு அடி நீளத்துக்குச் சிமெண்டைப் பூசிவிட்டுப் போய்விட்டார். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடியாவது சரிவு வேண்டும், அதாவது நாலு அடி. இது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முதல் தடவை ஏற்றும்போதே சேர் பின்பக்கமாக மல்லாந்தது, அம்மா பின்னால் நின்றதால் தப்பித்தோம். சரி என்று படியையே எடுத்துவிட்டோம், இப்போது குளிக்க வைத்தால் தண்ணீர் ஹாலுக்கு வருகிறது.

பெரிய தப்பு கைப்பிடிக் கம்பிதான். பளபளவென்று எஸ்எஸ் கம்பி, டாய்லெட்டில் உட்கார்ந்தால் இடது கைப்பக்கம் சுவர், அங்கேதான் மாட்ட இடம் இருந்தது, மாட்டியாச்சு. அப்பாவுக்கு வேலை செய்வது வலது கை! பிஸியோதெரபிக்கு வருகிற பெண் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அப்பாவின் இடது கையை எடுத்து அந்தக் கம்பி மேல் வைத்தாள். அது நழுவி மடியில் விழுந்தது.

உயரமும் சரியில்லை. வீல்சேர் குஷனோடு 20 அங்குலம், டாய்லெட் 16. இறங்கும்போது சுலபமாகத்தான் இருக்கிறது, ஏறி வர முடியவில்லை. மறுபடி இடிக்கத்தான் போகிறேன். இந்தத் தடவை கேட்டுவிட்டு இடிக்கலாம் என்று எழுதுகிறேன்.

தென்னந்தோப்பு:

தம்பி, எங்கள் வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு போனது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. வேலூர் பாகாயத்தில் மேரி வர்கீஸ் பெயரில் இருக்கிற மறுவாழ்வு மையத்தில் தங்கித்தான் சேரிலிருந்து டாய்லெட்டுக்கு மாறப் பழகினார். 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, வீல்சேரில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்த டாக்டர் அந்த மேரி வர்கீஸ். அதைக் கேட்டபிறகுதான் இவர் முரண்டு பிடிப்பதை நிறுத்தினார்.

எங்களுடையது வாடகை வீடு, ஒரு செங்கல்லைக் கூடத் தொடக்கூடாது என்று ஓனர் சொல்லிவிட்டார். அதனால் சக்கரமும் சீட்டில் ஓட்டையும் வைத்த கமோடு சேர் வாங்கி, கட்டில் பக்கத்திலேயே அதில் மாறி, அப்படியே டாய்லெட் மேல் பின்னோக்கித் தள்ளி நிறுத்துகிறோம். வாங்கும்போது சேருக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று நான் அளக்கவில்லை, வீட்டுக்கு வந்து பார்த்தால் டாய்லெட் சீட்டில் அரை அங்குலம் இடிக்கிறது. சீட்டையும் மூடியையும் கழற்றி எறிந்தோம், நுழைந்துவிட்டது. மெத்தை வைத்த சீட்டாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் அரைமணி நேரம் உட்கார்ந்து இவருக்குப் புண் வந்து, அது ஆற நாலு மாதம் ஆனது. அவருக்கு வலிக்கவே இல்லை, நான்தான் துணி துவைக்கும்போது கறையைப் பார்த்தேன்.

சுடுதண்ணீரும் அப்படித்தான். கால் வெந்தாலும் இவருக்குத் தெரியாது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதில்தான் சுடுதண்ணீர், அப்புறம் என் முழங்கை வைத்துப் பார்த்துத்தான் ஊற்றுவது. ஹீட்டரையும் குறைத்தே வைத்திருக்கிறேன்.

கொத்து வேலை:

நான் கொத்தனார்தான், திட்டுங்கள் பரவாயில்லை. எங்களிடம் கம்பி மாட்டு என்றுதான் சொல்கிறார்கள், யாருக்கு, எந்தக் கை என்று ஒருத்தரும் சொல்வதில்லை. தண்ணீர் வெளியே வருகிறதென்றால் வாட்டம், அதாவது தரையின் சரிவு, கதவுப் பக்கம் இருக்கிறது சார். தரையைக் கொத்தி எடுத்து, வாட்டத்தை உள்மூலைக்குத் திருப்பி, கதவடியில் குறுக்கே கம்பி வலை போட்ட ஒரு சின்ன வாய்க்கால் விட்டால் நின்றுவிடும். வலை தரை மட்டத்தில் இருக்கவேண்டும், ஓட்டை பெரிதாக இருந்தால் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும். அப்புறம் அந்தக் கைப்பிடிக் கம்பி எதில் நிற்கிறது என்று பாருங்கள். ஹாலோ பிளாக் சுவரில் சும்மா பிளக் அடித்து மாட்டினால் ஒரு நாள் டைல்ஸோடு கையில் வந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் பிளாக்கை உடைத்து கான்கிரீட் நிரப்பி போல்ட் போடுவேன். மாட்டி முடித்ததும் நானே இரண்டு கையாலும் தொங்கிப் பார்ப்பேன், என் எடை 80 கிலோ. டவல் ராடைப் பிடித்து எழுந்திருக்க விடாதீர்கள்.

பத்தொன்பது வருஷம்:

நான் 19 வருஷமாகச் சேரில் இருக்கிறேன். உறையூர்த் தம்பி, உங்கள் பதிவில் அங்குலம் இருக்கிறது, சரிவு இருக்கிறது, அப்பா என்ன கேட்டார் என்பது மட்டும் இல்லை.

சேர் முழுசாகச் சுற்ற 5 அடி வட்டம் வேண்டும் என்று அரசாங்க வழிகாட்டி சொல்கிறது. நம்ம ஊர் 7க்கு 4 பாத்ரூமில் அது நடக்காது. நடக்காவிட்டால் போகிறது, நேரே போய் ரிவர்ஸில் வந்தால் என்ன? கதவு உள்ளே திறப்பதாக இருந்தால் மட்டும் உடனே மாற்றுங்கள். நான் ஒரு தடவை உள்ளே விழுந்து, என் உடம்பே கதவை அடைத்துக்கொண்டு, தம்பி ஜன்னலை உடைத்து வந்தான். பக்கவாட்டில் நகர்கிற தள்ளு கதவு நல்லது. தாழ்ப்பாள் உட்கார்ந்தால் எட்டும் உயரத்தில், வெளியிலிருந்தும் காசை வைத்துத் திருப்பித் திறக்கிற வகையாக இருக்கட்டும். தாழ்ப்பாளே வேண்டாம் என்று வீட்டில் சொல்வார்கள், விடாதீர்கள். காலிங் பெல் சுவிட்சைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வையுங்கள், விழுந்தவனுக்கு எட்டவேண்டும்.

சென்னைப் பக்கம் வந்தால் மெரினாவுக்கு எதிரே காமராஜர் சாலையில் மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ் இருக்கிறது, நம்மைப் போன்ற மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளையெல்லாம் தொட்டுப் பார்க்கலாம். முடியாவிட்டால் ஒரு சாக்பீஸ் போதும். ஹாலில் பாத்ரூமைக் கோடு போட்டு, டாய்லெட் இடத்தில் ஒரு ஸ்டூலை வைத்து, அப்பாவை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் கொத்தனாரைக் கூப்பிடலாம்.

உறையூர்க்காரன்:

சாக்பீஸ் போட்டோம். அம்மா கோலம் மாதிரி சுத்தமாக வரைந்தார்கள். அப்பா ஒரு கையால் சேரைத் தள்ளி வந்து, ஸ்டூலுக்குக் குறுக்கே நிறுத்தி, "இந்தப் பக்கம் கம்பி" என்று வலது பக்கம் காட்டினார். அங்கே சுவர் இல்லை. பின்சுவரிலிருந்து வந்து மடங்கிக்கொள்கிற கம்பி போட்டோம், சேர் வரும்போது மேலே தூக்கிவிடலாம். டாய்லெட்டுக்கு அடியில் மேடை கட்டி 19க்குக் கொண்டுவந்தோம். திரும்பி வரும்போது சேரை மறுபக்கம் கொண்டுபோய் நிறுத்தினால்தான் வலது கைக்கு வாகாக இருக்கிறது, அதற்கு மட்டும் அம்மா உள்ளே வந்து சேரை நகர்த்துகிறார்கள். வாய்க்காலும் போட்டாச்சு, ஹால் காய்ந்து கிடக்கிறது. மொத்தம் 38 ஆயிரம், முதலில் இடித்த காசு தனி.

கண்ணாடியை எதற்கு இவ்வளவு கீழே இறக்கினாய் என்று கொழுந்தியா கேட்டாள். நேற்று அப்பா தானே ஷேவ் செய்துகொண்டார், இடது கன்னத்தில் கொஞ்சம் விட்டுவிட்டார்.

தள்ளு கதவின் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டால் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டு இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை "என்னங்க, முடிஞ்சுதா?" என்கிறார்கள். அப்பா உள்ளேயிருந்து, "போய் டீயைப் போடுடி" என்கிறார்.