தோட்டத்து வேலி வலையில் பவளத் துண்டு: உங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறதா?

கேரட்தோட்டம் (கோத்தகிரி):
முள்ளம்பன்றித் தொல்லை தாங்காமல், போன மாதம் மேட்டுப்பாளையத்தில் பழைய மீன்வலையைக் கிலோ கணக்கில் வாங்கி வந்து கேரட் பாத்தியைச் சுற்றிக் கட்டினேன். (காட்டுமாடு இதையெல்லாம் மதிக்காது, அது தனிக் கதை.) சிக்கெடுக்கும்போது விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஏதோ தட்டுப்பட்டது. எலும்பு என்றுதான் நினைத்தேன். பார்த்தால் கிளை பிரிந்து, மேலெல்லாம் ஊசி குத்தியது போல் பொடித் துளைகள். நைலான் நரம்பு இறுகிய இடத்தில் பள்ளமே விழுந்திருந்தது. வலையை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. இது பவளமா?

பாம்பன்காரன் (இப்போது குன்னூர்):
பவளமேதான் அண்ணா, கொம்பு வகை. என் அப்பா நண்டு வலைக்காரர். சாயங்காலம் பார் என்கிற கடலடிப் பவளத் திட்டுக்குப் பக்கத்தில் வலையை இறக்கி விடியலில் எடுப்பார். மேல்கயிற்றில் மிதப்பு, அடிக்கயிற்றில் ஈயம். கச்சான் காற்று பலமாக வீசினால் வலை நகர்ந்து பார் மேல் ஏறிவிடும். அப்புறம் இழுத்தால் ஒன்று வலை கிழியும், இல்லை பவளக் கல் ஒடியும். இரண்டும் சேர்ந்து நடந்த நாளில் அப்பா சாப்பிட மாட்டார். கரையில் நண்டைக் கழற்றும்போது உதிரும் கொம்புகளை வைத்து நாங்கள் மணலில் வீடு கட்டி விளையாடியிருக்கிறோம். அது வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அதற்காக நண்டு வலைக்காரரை மட்டும் திட்டாதீர்கள். விசைப்படகின் இழுவை மடி வலை கடலடியையே சுரண்டிக்கொண்டு போகும். அது கிளப்பும் சேறு படிந்தாலே பவளத்துக்கு மூச்சு முட்டும்.

இன்னொன்று, அந்தத் துண்டை ஷோகேஸில் வைத்துவிடாதீர்கள். 2001 முதல் பவளம் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடமான் கொம்பு உதிர்ந்து கிடந்தாலும் எடுக்கக் கூடாது இல்லையா, அதே கணக்குதான்.

கொடைக்காரி (கொடைக்கானல்):
மண்டபம் பக்கம் கண்ணாடி அடி போட்ட படகில் போனபோது நான் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கே தூத்துக்குடி வரைக்கும் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பூங்காவானாலும் அறுந்த வலை மிதந்து வரத்தானே செய்யும். ஒரு பவளத்தின் மேல் அப்படி ஒன்று போர்வை மாதிரி கிடந்தது. அலை அசையும்போதெல்லாம் அதுவும் முன்னும் பின்னும் போய் அரம் போல் ராவிக்கொண்டே இருந்தது. வலைக்கு அடியில் பச்சைப் பாசி. ஒரு முழம் தள்ளி இருந்தது தேன் நிறத்தில் உயிரோடு. பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெயிலை வைத்து அதற்குச் சோறு போடுகிறது. வெயிலை மறைத்தால் பட்டினிதான். "இழுத்து எடுக்கலாமே" என்று கேட்டேன். "இழுத்தா கல்லும் கூட வரும்மா, முங்கிக் கத்தரிச்சுத்தான் எடுக்கணும்" என்றார் படகுக்காரர்.

கேரட்தோட்டம்:
நன்றி தம்பி, நன்றி அக்கா. துண்டை வனத்துறையில் கொடுத்துவிட்டேன். "கோத்தகிரியில பவளமா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். மிச்ச வலையையும் துழாவினேன்: நாலு ஈயக்குண்டு, ஒன்றில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. முள்ளம்பன்றி நேற்று ராத்திரி வேலிக்கு அடியில் தோண்டி உள்ளே வந்துவிட்டது.